ஊர்க் கோயிலிலிருந்து இங்கிலாந்து ஆலயத்துக்கு: நம் வீட்டுப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

நான் பாளையங்கோட்டைக்காரி. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊருக்கு வந்து 13 வருடம் ஆகிறது. ஞாயிறு காலை ஊர் ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கு, அதாவது இங்கிலாந்துச் சபையின் ஆலயத்துக்குப் போவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை அதே ஆலயத்தின் ஹாலில் தமிழ் ஆராதனை. நர்ஸ் வேலைக்கு வருகிறவர்கள், படிக்க வருகிற பிள்ளைகள், அவர்களைப் பார்க்க மூன்று மாதம் வந்து குளிரில் நடுங்கும் அம்மா அப்பா என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதற்கு ஒரேயடியாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் ஐயரும் இல்லை, ஐயரம்மாவும் இல்லை (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றும் ஆலயத்தைக் கோயில் என்றும் சொல்வோம்). இது ஒரு சபை அங்கத்தினரின் பதில், அவ்வளவுதான். எழுதத் தொடங்கியபோது ஒன்று கண்ணில் பட்டது: கேள்விகளில் முக்கால்வாசி பெண்களைப் பற்றியவை. ஆம்பிளை பேன்ட் சட்டையோடு விமானம் ஏறுகிறார், அதே பேன்ட் சட்டையோடு இறங்குகிறார், அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஊர்ப் பண்பாடு முழுவதையும் மூட்டை கட்டி மனைவி தலையில் ஏற்றித்தான் அனுப்பிவைக்கிறோம்.

இங்கே ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். நான் கழற்றினேன், அதனால் சொல்கிறேன். வந்து இரண்டாவது வாரம், ஜனவரி மாதம். வாசல் மண்டபத்தில் ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, சாக்ஸோடு உள்ளே போய்விட்டோம். 600 வருடக் கற்கோயில். தரையெல்லாம் கல்லறைப் பலகைகள், செத்தவர்களின் பெயரையும் வருடத்தையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவருடைய பெயரின் மேல் என் கால்விரல்கள் விறைத்துக்கொண்டிருந்தன. முதல் பாட்டு முடிவதற்குள் பாதத்தில் உணர்ச்சியே இல்லை. பின் வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து வந்து, முழங்கால்படியிட வைத்திருக்கும் பூவேலைத் திண்டு ஒன்றை என் காலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், எங்கள் ஷூக்களைப் பார்த்துவிட்டு இன்னொரு குடும்பமும் கழற்றி வைத்திருந்தது. அவர்கள் நைஜீரியாக்காரர்கள். நாங்கள்தான் உள்ளூர் வழக்கம் தெரிந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள், பாவம்.

சேலைதான் கட்ட வேண்டுமா? முக்காடு போடாமல் இருக்கலாமா?

சேலை கட்டுங்கள், பிடித்திருந்தால். குளிருக்குப் பேன்ட் போடுங்கள், அது பிடித்திருந்தால். இங்கே யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பவர்கள் நம் ஆட்கள்தான்.

முக்காட்டுக்குப் பைபிளில் 1 கொரிந்தியர் 11-ஐக் காட்டுவார்கள். அந்த அதிகாரத்தைப் படித்துத் தன் மனச்சாட்சிப்படி முக்காடு போடுகிறவரை நான் மதிக்கிறேன், என் அம்மா கடைசிவரை போட்டார். ஆனால் அதே அதிகாரத்தில் பெண்கள் சபையில் ஜெபம்பண்ணுவதும் தீர்க்கதரிசனம் சொல்லுவதும் சாதாரண விஷயமாக வருகிறது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறோம். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் தொப்பி இல்லாமல் பெண்கள் ஆலயத்துக்கு வரமாட்டார்கள். அந்தப் பழக்கம் போய் ஒன்றிரண்டு தலைமுறைதான் ஆகிறது.

உடுப்பு விஷயத்தில் நம்முடைய சொந்தச் சரித்திரத்தை மறக்கக் கூடாது. நாகர்கோவில் பக்கம் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நாடார் பெண்கள் மார்பை மறைத்தாலே அடி விழுந்த காலம் ஒன்று இருந்தது. மிஷனெரிப் பெண்களின் தையல் வகுப்பில் தைத்த குப்பாயம் என்கிற ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்ததற்காக நம் பூட்டிகள் சந்தையில் துணி கிழிக்கப்பட்டு நின்றார்கள். 1829-ல் அரசாங்கம் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்தது, உயர்சாதிப் பெண்கள்போல் தோள்சீலை போடக் கூடாது என்றது. 1859-ல்தான் நாடார் பெண்கள் எல்லாருக்கும் மேலுடை உரிமை அறிவிக்கப்பட்டது. அன்றைக்கு 'ஊர் வழக்கத்தை மீறிய' உடுப்புதான் அது. இன்றைக்கு அதன் வாரிசான ஜாக்கெட்டும் சேலையும் ஊர் வழக்கமாகி, மீறக் கூடாததாகிவிட்டன.

இன்னொன்றும் மனதில் உறுத்தும். திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் மிஷனெரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்துக்காரர். 1895-ல் இந்தியா வந்தவர், 1951-ல் இறக்கும்வரை ஊருக்குத் திரும்பவே இல்லை. சேலை கட்டினார் என்று சண்டே ஸ்கூலில் நமக்குப் பெருமையாகச் சொல்லித்தந்தார்கள். நம் பெண் இங்கே வந்து ஒரு கவுன் போட்டால் மட்டும் 'பண்பாட்டை மறந்துட்டா' என்கிறோம்.

ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று இல்லையா?

இல்லை. குடும்பமாக உட்காருவார்கள். முதல் மாதம் கூச்சமாக இருக்கும். பிள்ளையைச் சமாளிக்கும் வேலை அப்பாவுக்கும் வந்துசேரும் என்பது இதில் ஒரு லாபம்.

'சமாதானம்' சொல்லும் நேரத்தில் ஆண்கள் கைகொடுக்கிறார்கள். சிலர் கட்டிப்பிடிக்க வருகிறார்கள். என்ன செய்ய?

கட்டிப்பிடிக்கப் பிடிக்கவில்லை என்றால் கையை முன்னாலேயே நீட்டிவிடுங்கள், அல்லது கைகூப்பிச் சிரியுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கொரோனாவுக்குப் பிறகு இங்கிலாந்துக்காரர்களே பாதிப் பேர் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள்.

இது வெள்ளைக்காரப் பழக்கம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நம்மூர் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, 1950-ல் தன் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும்) வழிபாட்டு முறையைத் தயாரித்தபோது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து, கைகளுக்குள் கை வைத்துச் சமாதானம் கடத்தும் வழக்கத்தை எடுத்துக்கொண்டது. ஆங்கிலிக்கன் சபைகள் அதைப் பார்த்துத்தான் தங்கள் வழிபாட்டிலும் சேர்த்தன. நம்மூர் சரக்குதான், கப்பலேறி வந்து நம்மையே கூச்சப்படுத்துகிறது.

எங்கள் ஊர் ஆலயத்தில் குருவானவர் ஒரு பெண். அவர் கையால் திருவிருந்து வாங்கலாமா? என் மாமனார் கூடாது என்கிறார்.

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் பதில் நீளும்.

முதலில் மாமனாரின் வசனம். 'உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை' என்று 1 தீமோத்தேயு 2:12. வசனம் இருக்கிறது, இல்லை என்று மழுப்ப முடியாது. அதை எல்லாக் காலத்துக்குமான கட்டளையாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எபேசு சபையின் அன்றைய பிரச்சினைக்குச் சொன்னது என்று எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வசனத்தை எழுதிய அதே பவுல்தான் ரோமர் கடைசி அதிகாரத்தில், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளை ஏற்றுக்கொள்ளச் சொல்லி எழுதுகிறார். பிரிஸ்கில்லாள் தன் புருஷனோடு சேர்ந்து அப்பொல்லோவுக்கே வேதத்தை விளக்கினாள். நான் இரண்டாவது பக்கம். என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் முதல் பக்கம் இருந்தார்.

அப்புறம், 'இதெல்லாம் வெள்ளைக்காரன் நாகரிகம்' என்ற வாதம். இதைக் கேட்டால்தான் எனக்குச் சிரிப்பு வரும். இங்கிலாந்துச் சபையில் முதல்முதலாகப் பெண்கள் குருப்பட்டம் பெற்றது 1994 மார்ச்சில், பிரிஸ்டல் கதீட்ரலில், 32 பேர். தென்னிந்தியத் திருச்சபையில் அதற்கு முன்பே பெண்கள் குருக்களாகிவிட்டார்கள். பேராயர் விஷயத்திலும் அப்படித்தான். 2013-ல் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு (ஒரு பேராயரின் கீழுள்ள பகுதி) புஷ்பலலிதா அம்மையார் பேராயரானார். இங்கிலாந்தில் லிபி லேன் முதல் பெண் பேராயரானது 2015 ஜனவரியில். நாம்தான் முந்தி. சட்டத்தில் முந்தி என்று சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பெரிய சேகரங்களில் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகள்) ஒரு பெண் சேகர குருவாக உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்துக்குச் செய்தி கொடுக்கக்கூட ஐயரைத்தானே கூப்பிடுகிறோம்.

2025-ல் இங்கிலாந்துச் சபையின் தலைமைப் பதவியான கேன்டர்பரி பேராயர் பதவிக்கு அறிவிக்கப்பட்ட சாரா முல்லாலி அம்மையார் நர்ஸாக இருந்தவர், இங்கிலாந்தின் தலைமை நர்ஸ் பதவிவரை போனவர். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வார்டில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்த நாலு நாகர்கோவில் பெண்களின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சரி, கேள்விக்கு வருவோம். வாங்கலாம். உங்கள் மனச்சாட்சி இடம்கொடுக்கவில்லை என்றால் வாங்காமலும் இருக்கலாம், அதற்காக உங்களை யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள். பெண் குருத்துவத்தை ஏற்காத சபைகள் அதை முறைப்படி தீர்மானமாகப் போட்டுத் தனி ஏற்பாடு கேட்கவும் இங்கே வழி இருக்கிறது. ஆனால் அவர் பெண் என்பதால் வரிசையில் நின்று கடைசி நிமிடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது மட்டும் வேண்டாம். அதைச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து அவருக்கு மாரடைப்பு வந்தபோது, ராத்திரி 2 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தது அதே அம்மாதான்.

எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறார்கள். அதுவும் நிஜ ஒயின்!

ஆமாம், நிஜ ஒயின்தான். வேண்டாம் என்றால் அப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு, கைகளை மார்பில் குறுக்காக வைத்துத் தலையசையுங்கள்.

எனக்கு வேலை, என் கணவர் என்னைச் சார்ந்த விசாவில் வந்திருக்கிறார். வீட்டையும் குழந்தையையும் அவர்தான் பார்க்கிறார். தமிழ்க் கூட்டத்தில் 'குடும்பத் தலைவர்' பற்றிப் பிரசங்கம் வந்தாலே அவர் முகம் சுருங்கிவிடுகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு தங்கச்சி. ஆனால் கேட்கவேண்டியவர் பிரசங்கம்பண்ணினவர்.

'மனைவிகளே... உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்' என்பது எபேசியர் 5:22. கல்யாணப் பிரசங்கம் எல்லாம் அங்கேதான் தொடங்கும். அதற்கு நேர் மேலே 21-ம் வசனம், 'தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்.' எந்தக் கல்யாணத்திலும் நான் இதைக் கேட்டதில்லை. அந்த அதிகாரத்தில் புருஷனுக்குச் சொல்லியிருப்பது சம்பளம் கொண்டுவருவதைப் பற்றியும் இல்லை, அதிகாரத்தைப் பற்றியும் இல்லை. தன்னையே ஒப்புக்கொடுக்கும் அன்பைப் பற்றி. ராத்திரி மூன்று மணிக்குப் பால் பாட்டில் கழுவுகிறவர் அதைச் செய்யவில்லை என்று யார் சொல்வது?

எங்கள் வீட்டுக் கதையும் உண்டு. ஆராதனைக்குப் பிறகு இங்கே எல்லாருக்கும் காப்பி கொடுப்பார்கள், கப்புகளைக் கழுவுவதற்கு முறைவைத்துப் பட்டியல் போட்டிருப்பார்கள். ஆண் பெண் பேதமில்லை. என் வீட்டுக்காரர் ஏப்ரனோடு கப்பைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து என் மாமியார் வீடியோவில் வந்துவிட்டார். 'ஏல, அங்க என்னல செய்த? பாத்திரம் கழுவுறதுக்கால உன்னப் படிக்கவச்சேன்?' இவர் நிதானமாகச் சொன்னார், 'அம்மா, நம்ம கோயில் அசனத்துல அண்டாவக் கழுவுறது யாரு? அப்பாதான?'

உண்மைதானே. திருநெல்வேலிப் பக்கம் அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, அரிசி களைவதும், சாம்பாரைத் துழாவுவதும், வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பரிமாறுவதும் ஆம்பிளைகள். ஐந்நூறு பேருக்கு உப்பு பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, வீட்டில் உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் தெரியாது. ஆக, சமையலைக் கேவலமாக நினைக்கிற ஜனம் இல்லை நாம். ஊர் பார்க்கச் செய்தால் ஊழியம், வீட்டுக்குள் செய்தால் பொம்பிளை வேலை.

கணவர் அடிக்கிறார். 'பொறுத்துக்கோம்மா, ஜெபம்பண்ணு' என்கிறார்கள்.

ஜெபம்பண்ணுங்கள். பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆபத்து என்றால் 999. பேச முடியாத நிலையில் மொபைலில் இருந்து 999 அடித்துவிட்டு, கேட்கும்போது 55-ஐ அழுத்தினால் போலீஸுக்கு இணைப்பார்கள். தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 0808 2000 247, இலவசம், 24 மணி நேரமும் உண்டு. மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். ஒவ்வொரு ஆங்கிலிக்கன் ஆலயத்திலும் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார், அவர் பெயரும் எண்ணும் நோட்டீஸ் போர்டில் இருக்கும். அவரிடம் போகலாம், தமிழ்க் கூட்டத்துக்கே தெரியவேண்டியதில்லை.

'அவர் விசாவில் வந்திருக்கிறேன், போனால் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள்' என்று பயமுறுத்தி வைத்திருப்பார்கள். குடும்ப வன்முறையால் பிரிந்த வாழ்க்கைத்துணைக்கு மூன்று மாதம் தனி அனுமதியும் அரசு உதவித்தொகையும் கிடைக்க வழி இருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து வேலை விசா, படிப்பு விசாவில் வந்தவர்களின் துணைக்கும் அது உண்டு. ஆனால் விண்ணப்பித்தால் பழைய விசா ரத்தாகிவிடும், மூன்று மாதத்துக்குள் அடுத்த வழி பார்க்கவேண்டும். அதனால் விண்ணப்பிக்கும் முன்பு குடியேற்றச் சட்டம் தெரிந்த ஆலோசகரைப் பாருங்கள்.

ஒருமுறை ஒரு பெண்ணிடம் நானும் 'கொஞ்சம் பொறு, சரியாயிடும்' என்று சொல்லியிருக்கிறேன். அது இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாது.

மகள் இங்கிலாந்துப் பையனைக் கட்டப்போகிறாள். ஓலை வாசிப்பார்களா? தாலி கட்டலாமா?

ஓலை வாசிப்பது, அதாவது கல்யாணத்தை ஆலயத்தில் முன்கூட்டி அறிவிப்பது, இங்கிருந்து வந்த வழக்கம்தான். மூன்று ஞாயிறு, 'யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள்' என்பதுவரை அப்படியே இருக்கும். இருவரில் ஒருவர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் என்றால் பெரும்பாலும் ஓலை மட்டும் போதாது, பதிவாளர் அலுவலகத்துக்கும் போகவேண்டும். நாள் குறிக்கும் முன்பே குருவானவரைக் கேளுங்கள். தாலிக்கும் அவரைத்தான் கேட்கவேண்டும். மோதிரம் போட்ட பிறகு தாலி கட்ட இடம்கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாப்பிள்ளைக்கு முடிச்சுப் போட வராமல், பெண்ணின் சித்தி பின்னால் நின்று 'ரைட் ஓவர் லெஃப்ட்' என்று சொல்லிக்கொடுத்தாள்.

இதோடு ஒட்டிய ஒன்று. வெள்ளைக்கார மருமகனுக்குச் சம்மதிக்கிற அதே அப்பா, வேறு சாதித் தமிழ்ப் பையன் என்றால் ஒத்துக்கொள்ளமாட்டார். அந்தப் பையனும் கிறிஸ்தவன், அதே திருமண்டலம், அதே பாமாலை. 'ஆணென்றும் பெண்ணென்றுமில்லை' என்கிற கலாத்தியர் 3:28 வசனம் 'யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை' என்றுதான் தொடங்குகிறது. பாஸ்போர்ட் மாறினவர்களுக்கும் இது மாறுவதில்லை என்பது எனக்கு ஆறாத எரிச்சல்.

திருநெல்வேலிச் சபை எப்படித் தொடங்கியது என்று அந்த அப்பாக்களிடம் கேட்பேன். கிளாரிந்தா மராத்தி பேசும் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார், அந்த வாழ்க்கையைக் காரணம்காட்டி ஜெர்மன் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778-ல் கொடுத்தார். 1780-ல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர், முதல் பெயர் அந்த அம்மாவுடையது. 1785-ல் பிரதிஷ்டையான கோயிலும் அவர் முயற்சியில் எழுந்தது. சாதி விட்டு, மொழி விட்டு வந்த ஒரு பெண்ணில்தான் நம் பதிவேடே தொடங்குகிறது.

தமிழ் ஆராதனை மட்டும் போதாதா? இங்கிலீஷ் கோயில் எதற்கு?

கீர்த்தனை பாடி அழவேண்டும் என்றால் தமிழ் ஆராதனைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலே பத்து வருடம் ஓடிவிடும்.

தமிழ்க் கூட்டமும் ஒன்றும் ஒரே ஊர் இல்லை. எங்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். யாழ்ப்பாணத்திலும் தென்னிந்தியத் திருச்சபைக்கு ஒரு திருமண்டலம் உண்டு, அங்கே உடுவிலில் 1824-லேயே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். 'நாங்கதான் முதல்ல படிச்சனாங்கள்' என்று அந்த அக்காமார் எங்களை வம்புக்கு இழுப்பார்கள்.

போன அறுப்பின் பண்டிகையை இங்கிலீஷ் சபையும் நாங்களும் சேர்ந்து நடத்தினோம். அவர்கள் டின் சாப்பாடு கொண்டுவந்து ஏழைகளுக்கான உணவு வங்கிக்கு வைத்தார்கள். நாங்கள் நம்மூர் வழக்கப்படி ஏலம் விட்டோம். லெஸ்டர் கடையில் வாங்கிய ஒரு கட்டு முருங்கைக்காய் 40 பவுண்டுக்குப் போனது. எடுத்தது குருவானவர் அம்மா. கையில் வைத்துக்கொண்டு, இதை அப்படியே கடித்துச் சாப்பிடுவதா என்று கேட்டார்.

என் மகளைப் பீடத்தில் மெழுகுவர்த்தி பிடிக்கக் கூப்பிடுகிறார்கள். பாட்டி 'வயசுக்கு வந்த பிள்ளை' என்கிறார்.

அனுப்புங்கள். தீட்டு என்பது நம் விசுவாசத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பாட்டியிடம் மெதுவாகக் கேளுங்கள். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள (உதிரப்போக்கு நிற்காத) ஸ்திரீ கூட்டத்துக்கு நடுவே வந்து இயேசுவைத் தொட்டாள், அவர் பின்வாங்கவில்லை, 'மகளே' என்று கூப்பிட்டார். பாட்டிக்கு இந்தக் கதை நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலம் 4 மணி ஆராதனை உண்டா?

இல்லை. 24-ம் தேதி ராத்திரி 11.30-க்குத் தொடங்கும். ஸ்வெட்டருக்கு மேல் கோட் போட்டுக்கொண்டு வாருங்கள். முறுக்கு கொண்டுவந்தால் டப்பாவில் எள், நிலக்கடலை இருக்கிறதா என்று எழுதி ஒட்டிவிடுங்கள், இங்கே நிறையப் பேருக்கு அலர்ஜி.